நானே கேட்டாலும் சொல்லாதே

தம்பி, கோவிச்சுக்காதீங்க, போனைக் கொஞ்சம் உங்க பக்கமா சாச்சுப் புடிங்க. பூட்டைத் தொறக்க நீங்க அடிச்ச நாலு நம்பரும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. வேணும்னு பாக்கலீங்க, என்ற கண்ணு தானாப் போகுது. முப்பது வருசத்துக்கு மேல மில்லு கேட்டுல நின்ன கண்ணுங்க இது. ஒருத்தன் சோத்துப் போசியைத் தூக்கிட்டு வர்ற விதத்தை வெச்சே உள்ள இருக்கறது சோறா நூலான்னு சொல்லிப் போடுவேன். அந்த நம்பரை மாத்திருங்க. இப்பவே வேண்டாம், எறங்குனதுக்கு அப்பறம் மாத்துங்க. என்ற பக்கத்துல ஒக்காந்துட்டு மாத்துனா அதுவும் எனக்குத் தெரிஞ்சுரும்.

பழனி வரைக்குங்களா? நானும் பழனிதானுங்க. இல்லீங்க, மலைக்கு இல்லை. சாமி கும்பிடப் போற மூஞ்சியாங்க இது? ஒரு பாஸ்வேர்டு விசயமாப் போறேன். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். வீட்டு வைஃபை பாஸ்வேர்டுக்காக ஒருத்தன் உக்கடத்துல பஸ் ஏறிப் பழனி போறான்னா யாரு நம்புவாங்க? எனக்கே நம்ப முடியலை. ஆனா போக வெச்சுட்டாளே. வேற யாரு, என்ற சம்சாரந்தான். அவ அக்கா வீட்ல இருக்கறா. போயி ரெண்டு மாசம் ஆகப் போகுது. சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அக்காவுக்கு மேலுக்கு முடியலை, பாத்துக்கப் போயிருக்கறா, அவ்வளவுதான். எப்பத் திரும்பி வர்றேன்னு அவளும் சொல்லலை, நானும் கேக்கலை.

எனக்கு வேண்டியது ஒரு ஓ.டி.பி. அது அவ போனுக்குத்தான் வரும். அந்த நம்பரு கெடைச்சா வீட்டு நெட்டு சரியாயிரும். அதை அவ போன்லயே சொல்லியிருந்தா இந்த வெயில்ல நான் எதுக்குங்க இந்த ஓட்டை பஸ்ஸுல குலுங்கிட்டுப் போறேன்? சொல்ல மாட்டேங்கறா. ஏன் சொல்ல மாட்டேங்கறாங்கறதுதான் கதை. உங்களுக்கும் பொழுது போகோணும், எனக்கும் யார்கிட்டயாச்சும் சொல்லித் தொலைக்கோணும்.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. மில்லுல டைம் ஆபீஸ். யாரு உள்ள வர்றா, யாரு வெளிய போறா, எந்நேரம், கையில என்ன, எல்லாம் என்ற பொறுப்பு. எங்க கேட் பாஸு ஒரு நாளைக்கு ஒரு கலரு. நேத்து வாங்குன பாஸை வெச்சுட்டு இன்னிக்கு எவனும் வெளிய போயிரக் கூடாதுல்லீங்க. திங்கக்கெழமை மஞ்சள், செவ்வாய் நீலம்னு வரிசையாவும் வெக்க மாட்டேன், ஆளுங்க படிச்சுக்குவாங்க. வெடியால நான் போயி ஒக்காந்து முடிவு பண்றதுதான் அன்னிக்குக் கலரு. மானேஜருக்கே பத்து மணிக்கு மேலதான் தெரியும். என்ற காலத்துல ஒரு நூல் கோனு அந்தக் கேட்டைத் தாண்டுனதில்லீங்க. எனக்கு முன்னால இருந்தவனைக் கேட்டுப் பாருங்க, வண்டி வண்டியாப் போயிருக்குது.

ரிட்டயர் ஆயி வீட்ல ஒக்காந்தேன். வீட்ல ஆளு ரெண்டே பேரு. குழந்தைங்க இல்லீங்க. நானும் சுலோச்சனாவும். போனும் ரெண்டுதான். வைஃபை போட்டோம். கனெக்சனை அவ பேர்ல, அவ நம்பர்ல வாங்குனேன். ஏன்னு கேளுங்க. கம்பெனிக்காரன்கிட்ட நம்பரைக் குடுத்தா அவன் பத்துப் பேருக்கு வித்துப் போடுவான். காலைல இருந்து லோன் வேணுமா, மனை வேணுமான்னு உயிரை எடுப்பாங்க. என்ற நம்பர்ல பேங்க் இருக்குது, பென்சன் இருக்குது. அவ நம்பர்ல என்னங்க இருக்குது? அதனால அவ நம்பரைக் குடுத்தேன். நல்லா யோசிச்சுப் பண்ணுன வேலைதான். அதுதான் இன்னிக்கு என்ற கழுத்தைப் புடிக்குது.

வைஃபைன்னா என்னன்னு நெனச்சீங்க? அது கேட்டு இல்லாத மில்லுங்க. சுவத்தைத் தாண்டித் தெரு வரைக்கும் போகுது. எவன் வேணும்னாலும் எதுத்தாப்புல நின்னுட்டு உள்ள வந்துரலாம். நான் விடுவனா? வாராவாரம் திங்கக்கெழமை மத்தியானம் பாஸ்வேர்டை மாத்திருவேன். பேரு வெக்க மாட்டேன், பொறந்த தேதி வெக்க மாட்டேன். குலதெய்வம் பேரை வெக்கவே மாட்டேன், அது ஊருக்கே தெரியும். எனக்கு மில்லு ஆளுங்களோட டோக்கன் நம்பரு இன்னும் மனப்பாடமா இருக்குது. ஸ்பின்னிங் பழனாத்தா முந்நூத்திப் பதினேழு. பஞ்சு சுத்தம் பண்ற புளோரூம் கருப்பணன் நாப்பத்தி ரெண்டு. வாரத்துக்கு ஒருத்தரு. பேரையும் நம்பரையும் கலந்து போட்டு நடுவுல ஒரு நட்சத்திரக் குறி. எவனாலயும் கண்டுபுடிக்க முடியாது. கடைசில என்னாலயும் கண்டுபுடிக்க முடியலைங்கறது வேற விசயம்.

மாத்துனதும் அவ போன்ல நெட்டு நின்னுரும். வந்து கதவுகிட்ட நிப்பா. "ஏனுங்க, கொஞ்சம் போட்டுக் குடுக்கறீங்களா"ம்பா. நான் போனை வாங்கி, அக்கட்டாலத் திரும்பி ஒக்காந்து, நானே அடிச்சுக் குடுப்பேன். இன்ன பாஸ்வேர்டுன்னு அவகிட்ட ஒரு நாளும் சொன்னதில்லை. நம்பிக்கை இல்லாம இல்லீங்க. தெரியாத விசயத்தை யாரும் வெளிய சொல்ல முடியாதில்லீங்க. அவ நல்லதுக்குத்தான். ஒரு நாள் கேட்டா, "வாராவாரம் எனக்கும் கேட் பாஸ் குடுக்கறீங்களா?"ன்னு. எனக்கு நெம்ப சந்தோசம், இவ்வளவு சரியாப் புரிஞ்சுக்கிட்டாளேன்னு. ஆமான்னேன்.

அப்பறம் அந்த ஓ.டி.பி விசயம். அதையும் பாடம் மாதிரிச் சொல்லிக் குடுத்தேன். டி.வி.ல பாத்திருப்பீங்க, நம்ம சொந்தக்காரன் குரல்லயே பேசி ஏமாத்தறானுங்களாம். அதனால சொன்னேன், "போன்ல யாரு கேட்டாலும் ஓ.டி.பி.யைச் சொல்லாதே. பேங்க் மானேஜர் கேட்டாலும் சொல்லாதே. என்ற குரல்லயே ஒருத்தன் பேசுவான். அதனால நானே கேட்டாலும் சொல்லாதே." சொன்னதோட விடலீங்க. ஒரு நாள் கடைவீதில இருந்து வேற ஒருத்தர் போன்ல கூப்பிட்டுப் பரீட்சையே வெச்சேன். "அம்மிணி, நாந்தான் பேசறேன், ஒரு நம்பரு வந்திருக்கும் பாரு, சொல்லு"ன்னேன். "போனை வெச்சுருங்க"ன்னு சொல்லி அவளே வெச்சுட்டா. வீட்டுக்குப் போயி "நல்லாச் செஞ்சே அம்மிணி"ன்னு பாராட்டுனேன்.

உடுமலை தாண்டிட்டமுங்களா? இன்னும் இல்லையா. இந்த டிரைவர் என்னங்க, மாட்டு வண்டி ஓட்டறவனாட்ட ஓட்டறான்.

அவ அக்காவைப் பத்திச் சொல்லோணும். ருக்குமணின்னு பேரு. பழனில மகன் வீட்ல இருக்கறாங்க. போன வருசம் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துருச்சு. பேச்சும் நின்னு போச்சு. ஒரு வார்த்தை வராது. இவ மத்தியானமானா போதும், வீடியோ கால் போட்டு ஒக்காந்துக்குவா. பேசவே முடியாதவங்ககிட்ட தெனமும் ஒரு மணி நேரம் என்னங்க பேச்சு? எனக்கு அதுதான் புரியாது. இவ பேசுவா, அந்தம்மா பாத்துட்டே இருப்பாங்க. பேச்சு கூட இல்லீங்க, சோறு. இவ தட்டத்துல சோத்தைப் போட்டுட்டு போன் முன்னால ஒக்காந்து, "இந்தா அக்கா, நானும் திங்கறேன் பாரு, ஆ"ன்னு வாயைத் தொறந்து காட்டுவா. அங்க மருமக கரண்டியை வெச்சுட்டுக் காத்திருக்கும். இவ வாயைத் தொறந்தா அந்தம்மாவும் தொறப்பாங்க. வேற யாரு சொன்னாலும் தொறக்க மாட்டாங்களாம். அறுபது வயசுக்காரி தட்டத்தை வெச்சுட்டு ஆ, ஆங்கறதை தெனமும் பாத்துட்டு ஒக்காந்திருக்கோணும் நான். எனக்குச் சோறு போட்டுட்டுப் போயிருவா, அதுல குறை இல்லை. ஆனா ஒரு வீட்ல ரெண்டு பேரு தனித்தனியாச் சாப்பிட்டா நல்லாவாங்க இருக்குது?

அது கெடக்கட்டும். ஒரு திங்கக்கெழமை பாஸ்வேர்டு மாத்தலாம்னு கம்பெனிக்காரன் ஆப்பைத் தொறக்கறேன். யாரு யாரு உள்ள இருக்கறாங்கன்னு அதுல பட்டியலே காட்டும். பாத்தா மூணு போனு. வீட்ல இருக்கறது ரெண்டு. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு பாருங்க. அத்தனை வருசம் ஒருத்தன் தாண்டாத கேட்டுங்க. நேரா அவகிட்டப் போயிக் கேட்டேன். கொஞ்சம் கூடப் பயப்படாமச் சொல்றா, "எதுத்த வீட்டு வேணி மகளுங்க. பரீட்சை ஹால் டிக்கெட் எடுக்கோணும்னுச்சு. அதும் போன்ல டேட்டா தீந்து போச்சாம். நாந்தான் குடுத்தேன்."

"உனக்குத்தான் பாஸ்வேர்டே தெரியாதே, எப்படிக் குடுத்தே?"ன்னேன். போனை எடுத்துக் காட்டறா. வைஃபைன்னு இருக்கற எடத்துல போயி ஒண்ணை அமுக்குனா, கட்டம் கட்டமா ஒரு படம் வருது. கடைல காசு கட்ட ஒட்டி வெச்சிருப்பாங்களே, அதே மாதிரி. அதை இன்னொரு போன்ல புடிச்சா நெட்டு வந்துருமாம். அந்தப் புள்ளைதான் இவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்குது. நான் கேட்டைப் பூட்டிட்டுச் சாவியை இடுப்புல சொருகிட்டு நிக்கறேன், இவ சுவத்து மேல ஏணியைப் போட்டுக் குடுத்திருக்கறா.

நான் தெருவுல எறங்கிட்டேன். வேணி வீட்டுக்காரன் லாரி ஓட்டறான், அவன் ஊர்ல இல்லை. அம்மாளும் புள்ளையுந்தான். "போனை எடுத்துட்டு வெளிய வாங்க"ன்னேன். என்ற கண்ணு முன்னாலயே எங்க வைஃபையை அழிக்கச் சொன்னேன். அந்தப் புள்ளை அழுதுட்டே அழிச்சுது. "ஹால் டிக்கெட் மட்டுந்தான் எடுத்தேன் தாத்தா"ன்னுச்சு. எடுத்தது என்னங்கறதா முக்கியம்? நாலு வீட்டு ஆளுங்க வந்து பாத்தாங்க. பாக்கட்டும்னுதான். மில்லுல அப்படித்தானுங்க, ஒருத்தனைப் புடிச்சா நூறு பேருக்குத் தெரியோணும். சுலோச்சனா வாசப்படில நின்னு பாத்துட்டு உள்ள போயிட்டா.

வீட்டுக்குள்ள வந்து, ஒடனே எல்லாத்தையும் மாத்துனேன். வைஃபை பாஸ்வேர்டையும் மாத்துனேன், அந்த ஆப்புக்குள்ள போற பாஸ்வேர்டையும் மாத்துனேன். ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாதில்லீங்க, அதனால ரெண்டுக்கும் ரெண்டு ஆளு. அடிக்கறப்ப எழுத்துத் தெரியாது, வெறும் புள்ளி புள்ளியாத்தான் வரும். மாத்தி முடிச்சு ஆப்பை மூடிட்டேன். என்ற போன்ல புது பாஸ்வேர்டை அடிக்கறேன், தப்புங்குது. மறுபடியும் அடிக்கறேன், தப்புங்குது. சரி, ஆப்புக்குள்ள போயி மறுபடியும் மாத்திக்கலாம்னா அந்தப் பாஸ்வேர்டும் தப்புங்குது. அந்தக் கோவத்துல யாரைப் போட்டேன், எந்த டோக்கனைப் போட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலீங்க. அப்பறம் பழனாத்தா, கருப்பணன், வைண்டிங் செக்சன், கேன்டீன், மாஸ்டர், மானேஜரு, ஒருத்தர் விடாம எல்லாரையும் கூப்பிட்டுப் பாத்துட்டேன். ஒருத்தனும் கேட்டைத் தொறக்கலை. மறந்துருச்சுன்னா போன்ல பழைய பாஸ்வேர்டைத் தோண்டி எடுக்கலாம், அந்தக் கட்டம் போட்ட படத்துல இருந்து எடுக்கலாம்னு இப்பத்தான் சொல்றாங்க. புதுப் பாஸ்வேர்டுதான் எந்தப் போன்லயுமே ஏறலையே, எதுல இருந்துங்க தோண்டறது?

சோத்து நேரத்துக்கு அவ வந்து கதவுகிட்ட நின்னா. "போட்டுக் குடுக்கறீங்களா"ன்னா. "கம்பெனில லைன் போயிருச்சாமா. வந்ததும் போட்டுத் தர்றேன்"னேன். வேற என்னங்க சொல்றது? அப்பத்தான் தெருவே பாக்கக் கத்திட்டு வந்திருக்கறேன். பாஸ்வேர்டு எனக்கே மறந்து போச்சுன்னு சொன்னா என்ன மரியாதை இருக்குது? ஆப்புல 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா'ன்னு ஒண்ணு இருக்குது. அமுக்குனா ஓ.டி.பி வரும். ஆனா அவ நம்பருக்குல்ல வரும். அவ பத்தாவது வரைக்கும் படிச்சவ. "என்னங்க இது, மறந்துட்டீங்களான்னு கேட்டு வருதே"ம்பா. கம்பெனிக்காரனைக் கூப்பிட்டாலும் அவ முன்னாலயே, "நீங்கதான சார் மாத்துனீங்க"ம்பான். ரெண்டு நாள்ல ஞாபகம் வந்துரும்னு நெனச்சேன்.

மறுநாளும் வந்து நின்னா. அதுக்கு மறுநாளும் நின்னா. "லைட்டு பச்சையாத்தானுங்களே எரியுது"ன்னா. லைன் போனா மோடத்துல செவப்பு எரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. "பச்சையா எரிஞ்சாலும் உள்ள வராது"ன்னேன். சும்மா அக்கா வீட்டுக்குப் போன் போட்டுப் பேசிப் பாத்தா. குரல் மட்டும் கேட்டு அந்தம்மா வாயைத் தொறக்க மாட்டேன்னுட்டாங்களாம். அந்நேரத்துக்கு நல்லா இருக்கற கையில போனைப் புடிச்சுட்டு, வெறும் போனையே பாத்துட்டு இருக்கறாங்கன்னு அங்க மருமக சொல்லுச்சாம்.

என்னங்க கேட்டீங்க? என்ற போன்ல நெட்டு இருந்துச்சாவா? இருந்துச்சுங்க, டேட்டா போட்டிருக்கறேன். ஆப்புப் பாக்கறதுக்கு வேணும்ல. அவ போனுக்குப் போடறதில்லை. வீட்ல வைஃபை இருக்கறப்ப அவளுக்கு எதுக்குத் தனியா? என்ற போனைக் குடுத்திருக்கலாமேன்னா, அதுல பேங்க் இருக்குதுங்க. நீங்க என்ன இவ்வளவு சாதாரணமாச் சொல்றீங்க? சோத்துக் கையோட எதையாச்சும் அமுக்கிட்டா யாரு பதில் சொல்றது?

அந்த வாரக் கடைசில பழனில இருந்து போன் வந்துச்சு. அந்தம்மாவுக்கு நெம்ப முடியாம ஆசுபத்திரில போட்டு ட்ரிப் ஏத்தறாங்கன்னு. இவ நாலு சேலையைப் பையில வெச்சா. எனக்கு ரசமும் பொரியலும் பண்ணி மூடி வெச்சா. செருப்பைப் போட்டுட்டு வாசல்ல நின்னு சொல்றா, "உங்களுக்குப் பாஸ்வேர்டு மறந்து போச்சுன்னு எனக்கு மொத நாளே தெரியுமுங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

எப்படி இருக்குது பாருங்க. தெரிஞ்சா அப்பவே கேட்டிருக்கலாம்ல? "ஏனுங்க, மறந்துட்டீங்களா"ன்னு ஒரு வார்த்தை. கேட்டிருந்தா நான் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன், அது வேற. ஆனா கேட்டிருக்கலாம்ல.

அந்தம்மா இப்ப நல்லா இருக்கறாங்களாம். இவ பக்கத்துல ஒக்காந்து ஊட்டறா, நல்லாச் சாப்பிடறாங்க. ஒடம்பு கூட கொஞ்சம் தேறிருச்சாம். நல்லதுதானுங்க. நான் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லலை. ஆனா அங்க அவளுக்கு வீடியோவும் வேண்டாம், வைஃபையும் வேண்டாம், திங்கக்கெழமை திங்கக்கெழமை என்ற முன்னால வந்து நிக்கவும் வேண்டாம். அப்பறம் எதுக்கு வருவா? நீங்களே சொல்லுங்க.

அவ போனதுக்கு அப்பறந்தான் ஓ.டி.பி.யை அமுக்குனேன். இனி மறைக்கறதுக்கு என்ன இருக்குது. அமுக்குன கொஞ்ச நேரத்துல அவகிட்ட இருந்து போன் வருது. "என்னங்க, ஒரு நம்பரு வந்திருக்குது"ன்னா. "ஆமா, சொல்லு"ன்னேன். "சொல்லக் கூடாதுங்களே"ங்கறா. "நாந்தான் கேக்கறேன்"னேன். "நீங்களே கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னீங்களே"ங்கறா. எனக்குக் கோவம் வந்துச்சு. இன்னொரு பக்கம் பாத்தா, சொன்னதைச் சொன்னபடி செய்யறாளே, எத்தனை பேரு செய்வாங்க? அப்பறம் அவளே, "சாப்ட்டீங்களா, என்ன பண்ணுனீங்க, கேஸ் வந்துச்சா"ன்னு கேட்டா. சொன்னேன். வெச்சுட்டா.

மறுநாள் மத்தியானமும் அமுக்குனேன். மறுபடியும் கூப்பிட்டா. வந்திருக்குதுங்கறா, சொல்ல மாட்டேங்கறா, சாப்ட்டீங்களாங்கறா. தெனமும் இதே பாட்டுத்தான். நானும் விடறதில்லை. சோத்தைத் தட்டத்துல போட்டு முன்னால வெச்சுட்டு ஓ.டி.பி.யை அமுக்குவேன். போனு வந்துரும். ஒரு நாள் பீர்க்கங்காயை எப்படி அரியறதுன்னு கேட்டேன், சொன்னா. ஓ.டி.பி மட்டும் சொல்ல மாட்டேங்கறா. இந்தப் பொம்பளைகிட்ட எவ்வளவு பொறுமை வேணும்னு பாருங்க. இதுவே வேற ஒருத்தனா இருந்தா என்னிக்கோ விட்டுருப்பான்.

போன வாரம் ஒரு நாள் கூப்பிட்டவ, வந்திருக்குதுன்னு சொல்லலை. எடுத்ததுமே கேக்கறா, "ஏனுங்க, உங்களுக்கு நெசமாவே நெட்டுதான் வேணுமா?" என்ன கேள்விங்க இது? "பின்ன வேற எதுக்கு இத்தனை நாளா அமுக்கிட்டு இருக்கறேன்?"னேன். "செரீங்க"ன்னா. வெச்சுட்டா. சாப்ட்டீங்களான்னு கூடக் கேக்கலை.

அதுக்கப்பறம் அமுக்கறேன், அமுக்கறேன், போன் வர மாட்டேங்குது. ஓ.டி.பி அனுப்பியாச்சுன்னு ஆப்பு சொல்லுது. போயிருக்குது. அவ பாத்திருக்கறா. கூப்பிட மாட்டேங்கறா. நான் கூப்பிடலாந்தான். கூப்பிட்டு என்னன்னுங்க சொல்றது? ஓ.டி.பி வந்துச்சான்னா? வந்துச்சுன்னு அவதான சொல்லோணும், அதுதான முறை. நேத்து சோறு அப்படியே ஆறிப் போச்சு. தூக்கி வெச்சுட்டேன். இந்த வீட்ல மனுசன் இருப்பானான்னு வந்துச்சு. அதுதான் காலைல பஸ் ஏறிட்டேன். நேர்ல போயிக் கேட்டா குடுத்துத்தான ஆகோணும்? போன்லதான் குடுக்கக் கூடாதுன்னேன், நேர்ல குடுக்கக் கூடாதுன்னு சொல்லலையே.

அதா, மலை தெரியுது பாருங்க. வந்துட்டோம். பஸ் ஸ்டாண்டுல இருந்து அவங்க வீடு பக்கந்தான். நடந்தே போயிரலாம்.

என்னங்க சொல்றீங்க? மோடத்துக்குப் பின்னால சின்னதா ஒரு ஓட்டை இருக்குமா. இருக்குது. ஊசியை விட்டு அமுக்குனா எல்லாம் அழிஞ்சு புதுசா வருமா. தெரியுமுங்க. அவ போன மறு வாரமே நான் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டேன். வந்தான். ஓ.டி.பி.யும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் சார், ஒரு குண்டூசி குடுங்கன்னான். சாமி படத்துக்கிட்ட இருந்த காலண்டர்ல குத்தியிருந்த ஊசியை நானே எடுத்துக் குடுத்தேன். வாங்கி, மோடத்தைத் திருப்பி, ஓட்டைகிட்டக் கொண்டு போயிட்டான். வேண்டாம்ப்பா, விட்டுருன்னுட்டேன். என்ன சார், ஒரு நிமிசத்துல சரியாயிருமேங்கறான். வேண்டாம்னா வேண்டாம், போயிட்டு வான்னு அனுப்பிட்டேன். என்ன கிறுக்கனோன்னு பாத்துட்டே போனான்.

அவனுக்கு என்னங்க தெரியும்? ஊசியால குத்தியிருந்தா நெட்டு வந்திருக்கும். நெட்டு வந்துட்டா நான் எதைக் கேக்கறதுக்குன்னு சொல்லிட்டுங்க அவ முன்னால போயி நிக்கறது?